உனக்காக நான் அழுத்திய முகங்கள்

வெள்ளிக்கிழமை காலை உன் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாக்பூர்க்காரி. மேசைக்குக் கீழே இருக்கிற கடைசி இழுப்பறையை இரண்டு மூன்று தடவை ஆட்டிப் பார்த்தாள், திறக்கவில்லை. கொஞ்சம் மேலே தூக்கி இழுக்க வேண்டும் என்று சைகை காட்டினேன். திறந்ததும் தலைவலித் தைலத்தின் வாசனை என் இருக்கை வரைக்கும் வந்தது. உள்ளே விரல் அளவு குப்பிகள் மூன்று, மூன்றும் காலி. நீ போன மறுவாரம் உன் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டியவர்களுக்கு அந்த இழுப்பறை திறக்கவில்லை போலிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

"யே கிஸ்கா ஹை?" என்று அந்தப் பெண் கேட்டாள். என்னுடையதுதான் என்று சொல்லி வாங்கி, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வந்ததெல்லாம் கோபம். உன் மேல், என் மேல், சுவரில் மாட்டியிருக்கிற அந்தப் பெரிய திரையின் மேல். மூன்று குப்பியைக் காலி செய்கிற அளவுக்குத் தலை வலித்திருக்கிறது உனக்கு. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த நான், உனக்கு அந்த வாசனை பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், நீ இருந்திருந்தாலும் உன்னால் இதைப் படிக்க முடியாது என்கிற தைரியம்தான். கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள் நீ. தமிழ் பேச்சு வீட்டோடு வந்தது, எழுத்து வரவில்லை. என் அம்மா கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய முறுக்கு டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து, பாதியில் "அரே யார், நீயே சொல்லிடு" என்று டப்பாவைத் திறந்துவிட்டவள். அதனால் இதையும் நானே படித்துச் சொல்கிற மாதிரி நினைத்துக்கொள்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். மழை தொடங்கிய வாரம், எச்.ஆரிலிருந்து ஒரு மெயில் வந்தது. எல்லோரும் மனநலத்தோடு இருக்க வேண்டுமாம். அதற்காக இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒரு போட்டி. அடி எண்ணுகிற பட்டை ஆளுக்கொன்று கொடுத்தார்கள், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள. ஒருவர் ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி நடக்க வேண்டும். அது போக, தினமும் நான்கு மணிக்கு போனில் ஒரு படிவம் வரும். அழுகிற முகத்தில் தொடங்கிப் பல்லைக் காட்டிச் சிரிக்கிற முகம் வரைக்கும் வரிசையாக ஐந்து முகங்கள். இன்றைக்கு உன் மனசு எது என்று தொட வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினாய், உடம்பில் ஏதாவது வலியா என்று இரண்டு கேள்வி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜோடிக்கு மார்க். சிரிக்கிற முகத்துக்கு அதிக மார்க், அழுகிற முகத்துக்குப் பூஜ்யம். சந்தோஷத்துக்கு மார்க் போடலாம் என்று எந்த அறிவாளி யோசித்தானோ, அவன் கையில் கிடைத்தால் நான் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

எனக்கு நடப்பதென்றால் ஆகாது. உனக்குப் படிவம் என்றால் ஆகாது. "தினம் நாலு பஜே இந்த மூஞ்சிங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வருது" என்றாய். நான்காம் நாளே நமக்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. என் பட்டையை உன்னிடம் கழற்றிக் கொடுத்தேன். நீ இரண்டையும் ஒரே கையில் கட்டிக்கொண்டு காலையில் நடப்பாய். நான் என் போனிலும் உன் போனிலும் படிவத்தை நிரப்புவேன். உன் போனின் பூட்டு எண்ணைக்கூடச் சொல்லிக் கொடுத்துவிட்டாய். நான்கு மணிக்கு டீ குடிக்கப் போகும்போது போனை என் மேசையில் வைத்துவிட்டுப் போவாய். நான் உனக்குப் பல்லைக் காட்டுகிற முகம், ஏழு மணி நேரத் தூக்கம், வலி இல்லை என்று மூன்றையும் மூன்று வினாடியில் தட்டிவிடுவேன். எனக்கும் அதேதான். நீ வரும்போது உன் போன் உன் இடத்தில் இருக்கும்.

அந்த ஏற்பாட்டில் எனக்கு என்ன பெருமை தெரியுமா. நம் இருவரையும் போலப் புத்திசாலிகள் இந்த விமான் நகரிலேயே இல்லை என்று நினைத்தேன். சுவரில் மார்க் காட்டுகிற அந்தப் பெரிய திரையில் நம் பெயர் முதலிடத்தில் இருந்தது. இரண்டாம் மாதம் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு டப்பா பூசணி விதையும் பரிசாகக் கொடுத்து, மேடையில் ஏறிப் பேசச் சொன்னார்கள். நீ என்னைத் தள்ளிவிட்டாய். நானும் கூச்சமே இல்லாமல் ஏறினேன். தெருமுனைக் கடைக்குக்கூட ஆட்டோவில் போகிற நான், காலை நடை என் மனதை எப்படி மாற்றியது என்று ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினேன். முதல் பத்து நிமிடம் தலைக்குள் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராக வாயை மூடுவார்கள் என்றேன். கை தட்டினார்கள். அது நீ சொன்னது. முந்தின நாள் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நடந்தா டோக்காக்குள்ள இருக்கிற ஆளுங்கல்லாம் கொஞ்சம் சுப் ஆவாங்கடி" என்று நீ சொன்னதை நான் இங்கிலீஷில் திருப்பினேன், அவ்வளவுதான். நீ முன்வரிசையில் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். உன் தலைக்குள் யார் கத்துகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. நல்ல வரி கிடைத்தது என்று எடுத்துக்கொண்டேன்.

நவராத்திரி நெருங்கும்போது நம் கணக்கில் அடிகள் ஏறிக்கொண்டே போயின. எட்டாயிரம் என்று கேட்டால் நீ பன்னிரண்டாயிரம் நடந்தாய், பிறகு பதினைந்தாயிரம். "என்னடி, அடுத்த பரிசு ஸ்கூட்டரா?" என்று கிண்டல் செய்தேன்.

"தூக்கம் கலைஞ்சுடுது யார். சும்மா படுத்துட்டு சீலிங்கைப் பார்க்கிறதுக்கு நடந்துட்டு வரலாம்னு கெளம்பிடறேன்."

"நல்லதுதான? எனக்கும் சேர்த்து நட."

"உனக்கும் சேர்த்துத்தானடி நடக்கறேன்" என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாய்.

அன்று நான்கு மணிக்கும் உன் போனில் ஏழு மணி நேரத் தூக்கம் என்று போட்டேன். மனதறிந்து பொய் சொன்னேன் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. உன் தூக்கத்துக்கும் அந்தப் படிவத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. "டோக்கா வலிக்குது" என்று ஒரு வாரத்தில் நான்கு தடவை நெற்றியைப் பிடித்துக்கொள்வாய். மராத்தியிலிருந்து நீ எடுத்துக்கொண்ட சொல் அது, தலையை நீ தலை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் என் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் "தண்ணி குடிடி" என்பேன். அந்தப் பரிசுப் பாட்டிலை உன் பக்கம் நகர்த்தி வைப்பேன். அதோடு என் கடமை முடிந்தது.

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். ஒரு வியாழக்கிழமை நீ வரவில்லை. பதினோரு மணிக்கு உன் வீட்டுக்காரர் போன் செய்தார். குளியலறையில் விழுந்துவிட்டாய், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன்னைப் பார்க்க விடவில்லை. சனிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. ரத்த அழுத்தம் ரொம்ப நாளாகவே ஏறிக் கிடந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தலைவலி, தூக்கமின்மை ஏதாவது இருந்ததா என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை இன்று வரைக்கும் பிடித்து ஆட்டுகிறது. ஒரு மாதம் கழித்து அவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களுக்காக நம் அலுவலகத்துக்கு வந்தார். எச்.ஆரில் இருக்கிற பெண் நல்லவள், இரக்கப்பட்டு, உன்னுடைய மனநல அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறாள். வரிசையாகத் தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பல்லைக் காட்டுகிற ஒரு மஞ்சள் முகம். அவர் நேராக என் மேசைக்கு வந்து அதை விரித்தார்.

"பாருங்கம்மா. ஒரு நாள்கூட அவ மனசு கஷ்டப்படலை. நான் ஏதோ குறை வெச்சுட்டேன், கவனிக்காம விட்டுட்டேன்னு ஒரு மாசமா சோறு எறங்கலை எனக்கு. சந்தோஷமாத்தான் இருந்திருக்கா. இது போதும்."

நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்காக என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கேம்ப் பகுதியில் அவர் வேலை பார்க்கிற வங்கியில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் யாராவது துக்கம் கேட்க வந்திருப்பார்கள். காகிதம் வெளியே வரும். "கடைசி வரைக்கும் அவ சிரிச்ச முகம்தான்" என்பார். மடிப்பு கிழிந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தார். ஒவ்வொரு தடவையும் என் விரல் செய்த வேலையைத்தான் அவர் மற்றவர்களிடம் உன் மனசு என்று காட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன்.

எனக்கு ஒரு வெறி வந்து, ஜனவரியில் மூன்று நாள் தொடர்ச்சியாக அழுகிற முகத்தை அழுத்தினேன். எனக்குத்தான், என் போனில். மூன்று நாள் அப்படிப் போட்டால் ஆலோசகர் கூப்பிடுவார் என்று அந்த முதல் மெயிலில் இருந்தது. அது உண்மையா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கூப்பிட்டார்கள். இனிமையான குரலில் ஒரு பெண் பட்டியல் வாசித்தாள். தண்ணீர் குடியுங்கள், படுக்கைக்குப் போனை எடுத்துப் போகாதீர்கள், தினம் நன்றி சொல்ல மூன்று விஷயங்கள் எழுதுங்கள். என் சிநேகிதி செத்துப் போய்விட்டாள் என்றேன். நடைப்பயிற்சி உதவும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு இந்த போன் வந்திருந்தால் ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்கவைத்திருப்பாய் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். இந்தப் பட்டியல் உன்னைக் காப்பாற்றியிருக்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

ஆனால் அதோடு விடவில்லை அவர்கள். கீழ்த்தளத்து மருத்துவ அறைக்கு வரச் சொன்னார்கள். நர்ஸ் என் கையில் துணிப்பட்டையைச் சுற்றி, காற்றடித்து, ரத்த அழுத்தம் பார்த்தாள். நார்மல், போகலாம் என்றாள். லிஃப்டில் இறங்கி ஏறியது உட்பட மொத்தம் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம்தான். நீ உன் கையால் உன் முகத்தைத் தொட்டிருந்தால் அந்த ஐந்து நிமிடம் உனக்குக் கிடைத்திருக்குமோ என்று அந்த நாளிலிருந்து மண்டையைக் குடைகிறது. கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டாய் என்றும் யாரும் சொல்லவில்லை.

உன் மேலும் கோபம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவள் நீ. ரசத்தில் புளி ஜாஸ்தி என்று என்னைத் திட்டத் தெரிந்தவளுக்கு, எனக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? எதற்கெடுத்தாலும் "சல்தா ஹை", பரவாயில்லை, ஓடும் என்று. அந்த இரண்டு சொல்லை இப்போது யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நர்ஸ் என் கையைப் பிடித்துப் பார்த்த அந்த வாரத்திலிருந்து நானே நடக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லவே பிடிக்கவில்லை, ஆனால் அதுதான் உண்மை. பூங்காவில் முதல் இரண்டு சுற்று எரிச்சல். செருப்பு கடிக்கிறது, குளிர்கிறது, சிரிப்பு கிளப் ஆட்கள் ஒரு மூலையில் நின்று கையைத் தூக்கி ஹா ஹா என்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் அடிக்கலாம் போலிருக்கிறது. மூன்றாவது சுற்றில் மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்துவிடுகிறது. பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் வருகிறது. நான்கைந்து மாதம் நீ எனக்காக நடந்ததெல்லாம் போனில் ஏறியது, எனக்குள் ஒன்றும் ஏறவில்லை. நானாக நடந்த பிறகுதான் அலுவலகத்தில் யாரையும் கடித்துக் குதறாமல் ஒரு நாளைத் தள்ள முடிகிறது. உன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்கிற தெம்பும் அதில்தான் வந்ததோ என்னவோ. இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அந்தத் தைல வாசனை என்னை மறுபடியும் போர்வைக்குள் தள்ளியிருக்கும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோர்படிக்குப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டார். திரும்பிவிடலாமா என்று நினைப்பதற்குள் ஒரு சரக்கு வண்டி போய், கேட்டைத் திறந்துவிட்டார்கள். உன் வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "வாங்கம்மா" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

உட்காரக்கூட இல்லை நான். "அண்ணா, அந்தப் பேப்பர்ல இருக்கறது அவ போட்டதில்லைங்க. நான் போட்டது. தினமும் நாந்தான் அவ போன்ல அழுத்துவேன். அவ எனக்காக நடந்தா, நான் அவளுக்காக இதைப் பண்ணினேன். தலைவலி இல்லைன்னு போட்டதும் நாந்தாங்க. தூக்கமும் நாந்தான்."

அவர் உள்ளே போனார். வெளியே போ என்று கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார், முதல் தடவை பார்க்கிற மாதிரி.

"இதுல எந்த நாளாவது அவளைக் கேட்டுட்டு அழுத்தினீங்களா?"

கேட்கவே இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம். இவ்வளவு நேரம் உன்னிடமே சொல்லாமல் விட்டதும் இதுதான். ஒரு நாள் கேட்டேன். தசரா வாரத்துப் புதன்கிழமை. நீ முகம் கழுவிக்கொண்டு வந்தாய், நெற்றியில் ஈரம். "ஏய், இன்னைக்கு உனக்கு எந்த மூஞ்சி போடட்டும்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். நீ விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என் தோளில் கை வைத்துக் குனிந்து, ஐந்தையும் ஒன்று விடாமல் பார்த்தாய். "ரெண்டாவது போடு" என்றாய். அழுகிற முகத்துக்கு அடுத்தது, வாய் கீழே வளைந்திருக்குமே, அது. "மார்க் போயிடும்டி" என்று சிரித்துக்கொண்டே நான் ஐந்தாவதை அழுத்தினேன். "சல், உன் இஷ்டம்" என்று போய் உட்கார்ந்துகொண்டாய்.

அவரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்தப் புதன்கிழமையைத் தேடிக் கண்டுபிடித்து, சிரிக்கிற முகத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு என்று எழுதினேன். என் கையெழுத்து கோணலாக விழுந்தது. அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"மொத்தத்துல இது ஒண்ணுதான் அவ சொன்னது. இல்லையா?"

"ஆமாங்கண்ணா."

வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு, "அடுத்த வாரம் வராதீங்கம்மா" என்றார். அதற்கடுத்த வாரம் வரலாமா என்று கேட்டேன். "தெரியலை" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வாசல் வரைக்கும் வந்து, நான் படியிறங்கும் வரைக்கும் நின்றார்.

ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வந்தேன். வழியெல்லாம் நீ குனிந்து அந்த ஐந்து முகத்தையும் பார்த்ததுதான் கண்ணில் நின்றது. என் தோளில் உன் கை இருந்தது, கனமாக இருந்தது. எனக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை என்று மேலே கோபப்பட்டிருக்கிறேன். அதை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். நீ நின்று யோசித்து, எனக்கு உண்மையைச் சொன்னாய்.